கனத்துக்கு ஆறு முகம்

அக்டோபர் பிறந்துவிட்டால் பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர்ப் பக்கத்து மக்கள் வாயில் ஓர் அளவைச் சொல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கன அடி. செம்பரம்பாக்கத்தில் எத்தனை கன அடி இருக்கிறது, எத்தனை கன அடி வருகிறது, எத்தனை கன அடி திறக்கப் போகிறார்கள். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பதைப் பள்ளியில் கணக்கென்றாலே ஓடியவர்கூட டீக்கடையில் சரியாகச் சொல்வார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட செய்தியை அடையாற்றுக் கரைக்காரர்கள் மறக்க வழியில்லை. ஆனால் ஒரு கன அடி என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டி கொள்ளும் தண்ணீர். ஏறக்குறைய 28 லிட்டர். வீட்டுக்கு வரும் வாட்டர் கேனில் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு.

அந்தப் பெட்டியின் பெயரைத்தான் ஒரு நூற்றாண்டுக்கு முன் பாரிசில் ஓர் ஓவிய முறைக்கு வைத்தார்கள். கியூபிசம். கோடை விடுமுறையில் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பக்கம் மொட்டை மாடிக் கொட்டகைகளில் நடக்கும் ஓவிய வகுப்புகளிலும் இன்று இந்தப் பெயர் அடிபடுகிறது. 'இன்னைக்கு கியூபிசம் ஃபேஸ்' என்று மிஸ் சொன்னதும் பிள்ளைகள் முதலில் தேடுவது ஸ்கேலை. முகத்தைச் சதுரமாக, கண்ணைச் சதுரமாக, மூக்கை முக்கோணமாகப் போட்டு, கட்டத்துக்கு ஒரு நிறம் தீட்டி நீட்டுகிறார்கள். பார்க்க அழகாகவே இருக்கும். கியூபிசத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 'கியூப்' என்று காதில் விழுந்தது, பெட்டி வரைந்தார்கள். குறை பெயரில் இருக்கிறது.

பெயர் பிறந்த கதை தேதியோடு தெரியும். 1908இல் ஜார்ஜ் பிராக், தெற்கு பிரான்சின் கடலோர ஊரான லெஸ்தாக்கில் வரைந்த நிலக்காட்சிகளைப் பாரிசின் இலையுதிர்கால ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பினார். தேர்வுக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. குழுவில் இருந்த மத்தீஸ், 'சின்னச் சின்னக் கியூபுகளால் ஆன படம் ஒன்றை பிராக் அனுப்பியிருக்கிறார்' என்ற பொருள்படத் தன்னிடம் பேசியதாக விமர்சகர் லூயி வோசெல் பின்னாளில் சொன்னார். திரும்பி வந்த படங்களை, கான்வைலர் என்ற இளம் வணிகர் தம் சிறிய கூடத்தில் நவம்பரில் மாட்டினார். அதைப் பார்த்துவிட்டு 'ழில் பிளா' நாளிதழில் 14ஆம் தேதி வோசெல் எழுதினார்: ஊர், உருவம், வீடு எல்லாவற்றையும் இவர் கியூபுகளாகச் சுருக்கிவிடுகிறார் என்று. அடுத்த ஆண்டு எழுதியபோது இந்தப் படங்களை அதே சொல்லை வைத்து விநோதங்கள் என்றார். பேச்சுக்குச் சொன்ன கிண்டல் 1911க்குள் ஒரு கட்சியின் பெயராகிவிட்டது. அந்த ஆண்டு வசந்த காலக் கண்காட்சியின் 41ஆம் அறையில் மெட்ஸிங்கர், கிளேஸ், லெஜே, தெலோனே முதலியோரின் படங்களைச் சேர்த்து மாட்டியபோது பாரிஸ் முழுக்க 'கியூபிஸ்டுகள்' என்று சிரித்தது. இதில் வேடிக்கை, முறையைத் தொடங்கிய பிக்காசோவும் பிராக்கும் அந்த அறையில் இல்லை. 1912இல் கிளேஸும் மெட்ஸிங்கரும் சேர்ந்து புத்தகம் எழுதி, கிண்டல் பெயரையே அட்டையில் போட்டுக்கொண்டார்கள்.

வோசெலுக்கு இது இரண்டாவது பெயர்சூட்டு விழா. 1905இல் மத்தீஸ் கூட்டத்தாரின் காரமான நிறங்களைக் கண்டு 'காட்டு விலங்குகள்' என்று எழுதினார். அதுவே 'ஃபோவ்' என்று கலை வரலாற்றில் நின்றுவிட்டது. அவருக்கு முன் 1874இல் லூயி லெருவா, மோனேயின் ஒரு படத்தலைப்பைப் பிடித்து நக்கலடித்ததில் 'இம்ப்ரஷனிசம்' வந்தது. ஆக, பள்ளிக்கூட வகுப்பறையில் நடப்பதுதான் பாரிசிலும் நடந்திருக்கிறது. வைத்தவன் மறந்துபோவான், வாங்கியவன் ஆயுளுக்கும் சுமப்பான். பட்டப்பெயரின் இலக்கணம் அது.

பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு அதற்குப் பொருள் சொல்ல ஆள் வருவது இன்னொரு இலக்கணம். நம் பக்கத்தில் ஆவடிக்கு அப்படி ஒரு விளக்கம் உலவுகிறது. கவச வண்டிகளுக்கான ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆவடி வரும் என்று பொது அறிவுப் புத்தகம் படித்த பையன் அடித்துச் சொல்வான். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டபோதே ஊர் ஆவடிதான். டாங்கித் தொழிற்சாலை வந்தது 1960களில். அம்பத்தூருக்கும் 'ஐம்பத்தோராம் ஊர்' என்றொரு விளக்கம் இருக்கிறது. காதுக்கு இனிமையாக இருப்பதால் இவை சாவதில்லை. 'கியூபிசம் என்றால் எல்லாவற்றையும் கனசதுரமாக வரைவது' என்பதும் இந்த வகை விளக்கம்தான். உண்மையிலேயே மனிதர்களைப் பெட்டி பெட்டியாக வரைந்தவர் ஒருவர் உண்டு. பதினாறாம் நூற்றாண்டு ஜெனோவாவின் லூகா காம்பியாசோ. உடல் எப்படி மடங்குகிறது என்று பழக அப்படிப் போட்டுப் பார்த்தார். அவரை யாரும் கியூபிஸ்ட் என்று கூப்பிடவில்லை.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'கூபோஸ்' என்றால் சூதாட்டக் காய். உருட்டிவிடும் ஆறு பக்கக் காயின் பெயரையே கணிதக்காரர்கள் அந்த வடிவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்து கியூப் ஆயிற்று. தமிழில் அந்தக் காய்க்குப் பழைய பெயர் கவறு. திருக்குறளின் சூது அதிகாரத்தில் பார்க்கலாம். கிரேக்கர்கள் சூதாட்டத்திலிருந்து கணிதத்துக்குச் சொல் கொண்டுபோன மாதிரி நாம் கொண்டுபோகவில்லை. போயிருந்தாலும் சிக்கல்தான். நம் வீட்டுத் தாயக்கட்டை நீளமானது. உருட்டினால் நான்கு பக்கமே விழும். அதிலிருந்து கியூப் பிறக்காது.

நமக்குக் கிடைத்தது கனம். வடமொழி 'கன' என்பதிலிருந்து வந்தது என்று தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. அந்தச் சொல்லுக்கு அடர்த்தி, திண்மை, மேகம் என்று பல பொருள். தமிழுக்கு வந்து அது எடை தூக்கியது. பை கனமாக இருக்கிறது, மனசு கனக்கிறது, கனமழை பெய்கிறது. வேதத்தைச் சொல் முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதுகிறவர் கனபாடிகள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஐந்தும் கனராகம். பழைய செய்தித்தாள்களில் மந்திரிகளின் பெயருக்கு முன் 'கனம்' இருக்கும்; 'மாண்புமிகு' வந்து அந்தக் கனத்தை இறக்கி வைத்தது. கணக்கு வாத்தியாருக்கோ மூன்றின் கனம் இருபத்தேழு. இத்தனை வேலை செய்யும் ஒரு சொல்லோடு சதுரத்தைக் கட்டிக் கனசதுரம் என்றார்கள். கலைச்சொல் ஆக்க உட்காருகிறவர் கியூபிசத்துக்குத் தமிழ் தேடினால் கை நேராக இந்தக் கனத்துக்குத்தான் போகும். வோசெல் செய்த கிண்டல் அப்படியே தமிழாகும், அவ்வளவுதான்.

அந்த ஓவியர்கள் செய்தது என்ன? 1910இல் பிக்காசோ தீட்டிய கான்வைலர் உருவப்படம் இப்போது சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. பழுப்பும் சாம்பலுமாகச் சின்னச் சின்னத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். முழுதாக ஒரு கனசதுரத்தைத் தேடினால் கிடைக்காது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் கீழே கோத்த கைகள் தெரியும்; மேலே வாரிவிட்ட தலைமுடியின் வளைவு, நடுவில் கடிகாரச் சங்கிலி. மூக்கு ஒரு கோணத்திலிருந்தும் தோள் இன்னொரு கோணத்திலிருந்தும் வந்திருக்கிறது. மெட்ஸிங்கர் 1911இல் இதற்கு நேரான விளக்கம் தந்தார்: ஓவியன் பொருளைச் சுற்றி நடக்க உரிமை எடுத்துக்கொண்டுவிட்டான். ஐரோப்பாவில் ஐந்நூறு ஆண்டாக ஓவியன் ஓர் இடத்தில் நின்று, ஒற்றைக் கண்ணால் சன்னல் வழியே பார்ப்பதுபோல வரைந்துகொண்டிருந்தான். நிற்கிற இடத்திலிருந்து தெரியாத பக்கம் படத்தில் இருக்கக் கூடாது. இவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். நடந்து பார்த்ததையெல்லாம் ஒரே துணியில் வைத்தார்கள். அதற்கு வடிவங்களை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்த துண்டின் விளிம்புகள் கோணலாக இருந்தன. கோணலைக் கண்டவர் கியூப் என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவருக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. அவர் கையில் தினமும் இருக்கும் டிராயிங்கில் ஒரே பொருள் மூன்று தடவை வரைந்திருக்கும். பிரண்ட் வியூ, டாப் வியூ, சைடு வியூ. எந்த மனிதக் கண்ணும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத மூன்று தோற்றங்கள் ஒரு தாளில் இருக்கின்றன. அவர் அவற்றை மனசுக்குள் மடித்து ஒரு பொருளாக்கி இரும்பில் கடைந்துவிடுகிறார். இந்தியாவில் 'ஃபர்ஸ்ட் ஆங்கிள்' முறை என்பதால் டாப் வியூ கீழே இருக்கும். புதிதாக வந்த அப்ரண்டிஸ் அதில்தான் குழம்புவான். இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர், பதினெட்டாம் நூற்றாண்டின் கஸ்பார் மோன்ஜ். கோட்டை கட்டும் கணக்குக்காக அவர் கண்டுபிடித்ததைப் படைத்துறை வெகுகாலம் வெளியே விடாமல் வைத்திருந்தது. டாங்கி செய்யும் ஊருக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அதில் ஆச்சரியம் இராது.

எஞ்சினியர் மூன்று தோற்றத்தையும் நடுவில் இடம் விட்டுத் தனித்தனியே வைக்கிறார், அளவு பிசகக் கூடாது என்பதால். பிக்காசோவுக்கு அளவு முக்கியமில்லை. ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றிவிட்டார். அப்பா மேசையில் விரித்து வைத்த டிராயிங்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கியூபிசத்தின் வாசற்படியில்தான் நிற்கிறது. வாசலைத் திறந்துவிட்டால் போதும். ஓவிய வகுப்புகளோ வேறு பக்கம் பழக்குகின்றன. அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையருக்குப் படிக்கிறவர்கள் மாடல் டிராயிங்கில் மரக் கனசதுரத்தையும் உருளையையும் அசையாமல் உட்கார்ந்து, தெரிகிற பக்கத்தை மட்டும் வரையக் கற்கிறார்கள். நல்ல பயிற்சிதான், எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் அங்கே கனசதுரம் பாடமாக இருப்பதால், அதே மாஸ்டர் கியூபிசம் சொல்லித்தரும்போது கை பழைய பெட்டிக்கே போய்விடுகிறது.

இனித் தமிழின் பக்கம். கியூபுக்கு எத்தனை பக்கம் என்று ஆங்கிலவழிப் பிள்ளையைக் கேட்டாலும் தமிழ்வழிப் பிள்ளையைக் கேட்டாலும் ஆறு என்றுதான் சொல்லும். தமிழ்வழிப் புத்தகம் அந்தப் பக்கத்தை என்ன பெயரால் குறிக்கிறது? முகம். கனசதுரத்துக்கு ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு முனை. வேதியியலில் மீத்தேன் மூலக்கூறு நான்முகி வடிவம், எண்முகியும் உண்டு. அந்த வரிசையில் கனசதுரம் ஓர் அறுமுகி. முகம் வடமொழியா தமிழா என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. நான் அதில் சாட்சி சொல்ல வரவில்லை. முகப்பு, துறைமுகம், முகவரி, அறிமுகம் என்று இந்தச் சொல் நம்மிடம் குடும்பம் பெருக்கியிருப்பது போதும். (முகத்தல் அளவையை மட்டும் இதில் சேர்த்துவிடக் கூடாது. தண்ணீரையும் நெல்லையும் முகந்து அளப்பது வேறு. ஒலி ஒத்தால் உறவு என்று நினைப்பது சொல்லாராய்ச்சியின் பழைய வியாதி.)

ஆறு முகம் என்று பிரித்துச் சொன்னதும் காலண்டர் முருகன் கண்ணுக்கு வந்துவிடுகிறார். ஆறுமுகம், சண்முகம் என்று தெருவுக்கு ஒரு தாத்தா இருப்பார். ஆறு முகங்களை ஓவியன் எப்படிக் காட்டுவது? சுற்றிலும் முகம் இருந்தால் முன்னால் நிற்பவருக்கு மூன்றுதான் தெரியும். சில சிலைகளில் முன்புறம் மூன்று, பின்புறம் மூன்று என்று வைத்துச் சுற்றி வரவைப்பார்கள். காலண்டர் ஓவியர் அந்தக் கவலையே படவில்லை. ஆறையும் நம் பக்கம் திருப்பி வரிசையாக வைத்துவிட்டார். எந்தப் பாட்டியும் 'இது எப்படித் தெரியும்?' என்று கேட்டதில்லை. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் ஆறு முகத்துக்கும் ஆறு வேலை பிரித்துக் கொடுக்கிறார். ஒன்று உலகுக்கு ஒளி தருகிறது, ஒன்று வரம் தருகிறது, ஒன்று வேள்வியைக் காக்கிறது, ஒன்று மறைபொருளை விளக்குகிறது, ஒன்று களத்தில் நிற்கிறது, ஒன்று வள்ளியோடு சிரிக்கிறது. ஒரே ஆள், ஒரே நேரம், ஆறு மனநிலை. பிள்ளைகளுக்கு முகம் வரையச் சொல்லித்தர இதைவிட நல்ல முன்னுரை பாரிசில் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பூந்தமல்லியிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும் குன்றத்தூர் முருகன் கோயிலில் இன்னொரு விசேஷம் சொல்வார்கள். கருவறையில் முருகனோடு வள்ளியும் தெய்வானையும் இருக்கிறார்கள். நேரே நின்றால் முருகன் மட்டும் தெரிவார். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் வள்ளியோடு பார்க்கலாம். மறுபக்கம் போனால் தெய்வானையோடு. மூவரையும் சேர்த்துப் பார்த்தேன் என்று வீட்டில் வந்து சொல்கிறவர், நடந்து பார்த்ததைக் கூட்டித்தான் சொல்கிறார். மெட்ஸிங்கர் எழுதியதும் இதைத்தான். தாராசுரத்தில் இன்னும் ஒருபடி மேலே போய், யானைக்கும் காளைக்கும் ஒரே தலையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஓர் உடலைக் கையால் மறைத்தால் ஒன்று, மறு உடலை மறைத்தால் மற்றொன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை. நம் சிற்பிகள் கியூபிஸ்டுகள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. அந்தச் சண்டையில் யாருக்கும் லாபமில்லை. அவர்களுடைய நோக்கம் வேறு. பல பக்கத்தை ஒரு முகத்தில் வாசிக்கும் பழக்கம் நம் பிள்ளையின் கண்ணில் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் என் பேச்சு.

பெயர் இந்தியாவுக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். ரவீந்திரநாத்தின் அண்ணன் மகன் முறையான ககனேந்திரநாத் தாகூர் 1920களின் தொடக்கத்தில் வெளிச்சமும் நிழலும் கண்ணாடித் துண்டுகளாக வெட்டிக்கொள்ளும் படங்களை வரைந்தார். 1922இல் கல்கத்தாவின் 'ரூபம்' இதழில் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பின் பொருள் 'ஓர் இந்திய கியூபிஸ்ட்'. இந்த மண்ணில் அந்தப் பட்டம் ஒருவர் நெற்றியில் ஏறியது அப்போது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஓவியங்கள் கல்கத்தாவுக்கு வந்தபோது ககனேந்திரநாத்தின் படங்களும் அதே கண்காட்சியில் இருந்தன. அவருடைய படங்களில் பொருளைச் சுற்றி நடப்பது குறைவு, மாயமாளிகை அதிகம். பெயர் இங்கேயும் கொஞ்சம் பெரிய சட்டைதான்.

சென்னையில் கதை வேறு. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. பலகையில் பெரியார் ஈ.வெ.ரா. சாலை, பேச்சில் பூந்தமல்லி ஹை ரோடு, அந்தச் சாலை போய்ச் சேரும் ஊரே அரசுத் தாளில் பூவிருந்தவல்லி. 1929 முதல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தார், மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அவருக்குப் பின் 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். ஐரோப்பாவைப் பார்த்துத் திரும்பியிருந்த பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கியூபிசத்தைத் தெரிந்துகொண்டார்கள், ஆனால் அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொள்ளவில்லை. பணிக்கர் 1963 வாக்கில் ஜாதகக் கட்டம்போலவும் ஓலைச்சுவடிபோலவும் எழுத்தும் குறியும் நிறைந்த படங்களுக்குப் போனார்; 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. சிற்பி பி.வி. ஜானகிராம் தகட்டு உலோகத்தை அடித்து, வெட்டி, பற்றவைத்து முன்முகம் மட்டும் உள்ள உருவங்களைச் செய்தார். சுற்றி வர வேண்டிய சிற்பத்தின் எல்லாப் பக்கத்தையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். தகட்டு வேலைப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் அம்பத்தூரில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பொதுமக்கள் இத்தனைக்கும் சேர்த்து வைத்த பெயர் 'மாடர்ன் ஆர்ட்'. அது கலைச்சொல் மாதிரி இருக்கும், பயன் வேறு. பையன் ஹோம்வொர்க் நோட்டில் மை கொட்டினால் 'இது என்னடா மாடர்ன் ஆர்ட்டா?' என்று அப்பா கேட்பார். வோசெல் பாரிசில் செய்ததை நாம் வீட்டுக்கு வீடு செய்தோம்.

'அப்ஸ்ட்ராக்ட்' என்பதற்கு அரூபம் என்று எழுதுகிறோம். அரூப ஓவியம் என்றால் சரி, ஓரளவு பொருந்தும். அரூப முகம் என்றால் இடிக்கிறது. ரூபமே இல்லாதது எப்படி முகமாகும்? சைவத்தில் இதற்கு நுட்பமான ஒரு வகைப்பாடு இருக்கிறது: உருவம், அருவம், இரண்டுக்கும் நடுவில் அருவுருவம். லிங்கம் மூன்றாம் வகை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயிலில் சந்தனக்காப்பு சார்த்திய லிங்கத்தின் முன் நிற்கிறவர் கண் காது மூக்கைத் தேடுவதில்லை. முகத்தைப் பார்த்த திருப்தியோடுதான் திரும்புகிறார். பிள்ளைகள் வரையும் அந்த முகங்களுக்கு, கண் இருந்தும் இடம் மாறி, மூக்கு இருந்தும் திசை மாறி நிற்பவற்றுக்கு, அருவுருவம் பொருத்தமான சொல் என்று நினைக்கிறேன். வழக்கத்துக்கு வருமா என்று தெரியாது. முறைக்குப் பெயர் வேண்டுமென்றால் பன்முக ஓவியம் என்பேன். கியூபிசம் என்ற பெயரையும் விரட்ட வேண்டாம். அது இருக்கட்டும், வகுப்பின் கடைசியில் வரட்டும்.

கடைசியில் என்று சொல்லக் காரணம் உண்டு. 1913இல் கவிஞர் அப்பொலினேர் கியூபிஸ்ட் ஓவியர்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். அதே ஆண்டில் ஜார்ஜ்-ஆன்ரி லூக்கே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், தம் மகள் சின்ன வயதிலிருந்து வரைந்தவற்றை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். சிறு பிள்ளை கண்ணால் பார்ப்பதை வரைவதில்லை, தெரிந்ததை வரைகிறது என்பது அவர் கண்டது. பக்கவாட்டு முகத்துக்கு இரண்டு கண் போடும். மேசைக்கு நான்கு காலையும் விரித்துக் காட்டும். அம்மா வயிற்றுக்குள் பாப்பா தெரியும். எட்டு ஒன்பது வயதுவாக்கில் இது குறைந்து, தெரிகிறபடி வரைய ஆசை வருகிறது. வரவில்லை என்றால் அழிரப்பரும் அழுகையும். பிக்காசோ கூட்டத்தார் பாடுபட்டுத் திரும்பிப் போன இடத்தில் யு.கே.ஜி. பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஐந்து வயதுக்குக் கியூபிசம் கற்பிக்க எதுவும் இல்லை, கெடுக்காமல் இருந்தால் சரி. கற்பிக்க வேண்டியது பத்து வயதுக்கு மேல், 'மூஞ்சி கோணலா வருது மிஸ்' என்று நொந்துகொள்கிறவர்களுக்கு.

அவர்களிடம் ஸ்கேலை வாங்கி வைத்துவிட்டு, எதிரும் புதிருமாக இரண்டிரண்டு பேராக உட்கார வைக்கலாம். எதிரில் இருப்பவரின் முகவெட்டை நேரே பார்த்துத் தாள் நிறைய ஒரு கோடு. பிறகு 'திரும்பு' என்று சொல்லி, பக்கவாட்டில் நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் இறங்கும் கோட்டை அதே முகத்தின் நடுவில் போட வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. கண் ஒன்று நேரே பார்த்தது, ஒன்று பக்கத்திலிருந்து பார்த்தது. பிறகு பிள்ளை எழுந்து நண்பன் பின்னால் போய் நின்று பார்த்து, காதையோ பின்னலையோ காலி இடத்தில் சேர்க்கட்டும். எழுந்து நடப்பதுதான் பாடம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதைச் செய்தால் மீண்டும் அலங்காரமாகிவிடும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தானாகவே கட்டங்கள் வரும். நிறம் அவற்றுக்கு. முகத்தில் வெறும் இடம் இருந்தால் பழைய தினத்தந்தியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து ஒட்டலாம். பிராக்கும் பிக்காசோவும் 1912இல் தாள் ஒட்டத் தொடங்கிய பிறகு செய்தித்தாளும் ஓவியச் சாமான்தான்.

இப்படி வரும் படங்கள் பெரும்பாலும் 1937இல் பிக்காசோ வரைந்த டோரா மாரின் முகங்களை ஒத்திருக்கும், நேர்முகமும் பக்கமுகமும் கலந்து, அழுத்தமான நிறத்தோடு. அவை கியூபிசத்தின் முதல் காலத்துக்கு இருபது ஆண்டுக்கும் மேல் பிந்தியவை என்பதை ஆசிரியர் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு அது அவசரமில்லை. எல்லாரும் முடித்த பிறகு கான்வைலர் படத்தைப் பெரிதாகக் காட்டி, கைகளை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள், சங்கிலியை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று விளையாடவிட வேண்டும். பெயரை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். 'இதுல கியூபே இல்லையே, அப்புறம் ஏன் அந்தப் பேரு?' என்று பின்வரிசையில் யாராவது கேட்பார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வைத்த பட்டப்பேரு என்று சொன்னால் போதும். பட்டப்பேரு இல்லாத பிள்ளை எந்த வகுப்பிலும் கிடையாது.